நானூற்றுப் பன்னிரண்டு மூச்சு

வாங்க தம்பி, வாங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கரண்ட் கட் பண்ண வந்திருக்கீங்கன்னு தெரியும். கையில கட்டிங் பிளையர், சட்டைப் பையில டெஸ்டர், இதைப் பார்த்துமா தெரியாது? கட்டடத்தை வித்தாச்சு, திங்கக்கிழமை மூணு மணிக்கு மேல லைனைத் துண்டிக்கணும்னு பேப்பர் குடுத்து அனுப்பியிருப்பாங்க. உங்க வேலையை நான் ஏன் தடுக்கப் போறேன். ஆனா அந்த ஃப்யூஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. இருபது நிமிஷம் ஆகும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.

நல்ல தோள் உங்களுக்கு. கம்பம் ஏறி ஏறி வந்த தோள்.

என்ன சத்தம்னு பார்க்கறீங்களா? இந்த மெஷின்தான். பழைய டேப் ரெக்கார்டர், பெரிய ஸ்பூல் சக்கரம் போடற வகை. இப்ப ஸ்பூல் இல்லை பாருங்க. ஒரு அஞ்சடி டேப்பைத் தலையும் வாலும் சேர்த்து ஒட்டி, அந்த மருந்து பாட்டிலைச் சுத்தி ஓட விட்டிருக்கேன். சுத்திச் சுத்தி ஓடும். நாலு செகண்டுக்கு ஒரு தடவை யாரோ மூச்சை உள்ளே இழுக்கற மாதிரி கேக்குதா? அவ்வளவுதான். முதல்ல ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும்.

நாற்காலியில நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது என் தங்கச்சி பொண்ணு. குட்டின்னு கூப்பிடுவேன். முப்பத்தொண்ணு வயசாகுது, எனக்கு இன்னும் குட்டிதான். நான்தான் வளர்த்தேன். சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சர், வாய் ஓயாது. இப்ப உடம்பு சரியில்லை. ஏதாவது முனகினா கண்டுக்காதீங்க.

வரும்போது ரெண்டாவது மாடிப் படியில ஒருத்தர் உக்காந்திருந்தாரே, பார்த்தீங்களா? இந்தக் கட்டடத்து வாட்ச்மேன். வழி கேட்டிருப்பீங்க, வாயைத் திறந்திருக்க மாட்டார். அவர் கதையை அப்புறம் சொல்றேன்.

அப்படியே இந்தச் சுவரையும் ஒரு தடவை பாருங்க. பூரா சின்னச் சின்ன ஆணி. நானூத்திப் பன்னண்டு. ஒவ்வொண்ணையும் நானே அடிச்சேன், ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் மெழுகுப் பென்சில்ல நம்பர் போட்டிருக்கேன். ஒண்ணாம் நம்பர்லயும் ரெண்டாம் நம்பர்லயும் மட்டும் பழுப்பா ஒரு துண்டு டேப் தொங்குதா? ரெண்டுதானே? நல்லா பார்த்து வெச்சுக்கோங்க.

நான் முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ரூம்ல டேப் வெட்டறவ. வெட்டுக்காரின்னு பேரு. என் தங்கச்சி புருஷன்தான் இந்த ரூமுக்குச் சொந்தக்காரர். கழுத்துல எப்பவும் ஏழெட்டு வயரை மாலை மாதிரி போட்டுக்கிட்டுத் திரிவார், அதனால வயர்காரர். மாப்பிள்ளைன்னு கூப்பிடணும்தான், எனக்கு வாயில வரவே இல்லை. அதோ அந்தப் பக்கம் பீரோ மாதிரி நாலு நிக்குதே, அது அவரோட சிந்தசைசர். அதுல ஆர்மோனியம் மாதிரி கட்டை கிடையாது, வாசிக்க முடியாது. ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு வயரைச் சொருகி, குமிழைத் திருகினா, ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு சத்தம். அதை டேப்ல பதியணும். அடுத்த சத்தத்துக்கு எல்லா வயரையும் புடுங்கி மறுபடி சொருகணும். அப்புறம் ரெண்டையும் வெட்டி ஒட்டணும். ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஒரு வாரம் ஆகும் எங்களுக்கு. அப்படி ஏழு மாசம் உக்காந்து ஒரு முழு ஆல்பம் பண்ணினோம். பேரு 'வெற்றிடம்'. அந்தக் காலத்துல அதைக் கேட்டவங்க ரேடியோ ரிப்பேர்னு நினைச்சாங்க. இப்ப யார் யாரோ தேடறாங்களாம்.

வெட்டறதுன்னா கத்திரிக்கோல் இல்லை தம்பி. டேப்பைக் கையால மெதுவா முன்னே பின்னே இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தைக் காதால பிடிக்கணும். மஞ்சப் பென்சில்ல ஒரு கோடு. அப்புறம் இந்த அலுமினியக் கட்டையில இருக்கிற பள்ளத்துல படுக்க வெச்சு, பிளேடால சரிச்சு வெட்டணும். நேரா வெட்டினா ஒட்டு 'டக்'குன்னு காட்டிக் குடுத்துடும். வெள்ளை ஒட்டு டேப்பைப் பின்னால போட்டு நகத்தால தேய்ச்சா முடிஞ்சது. எல்லாம் சேர்த்துப் பதினோரு செகண்டு. என்னை மாதிரி வெட்ட அப்ப ஆளே கிடையாது. பீத்தல்தான், ஆனா உண்மை.

எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டி எடுத்த துண்டைக் குப்பையில போடக் கூடாது. ஆணியில நம்பர் போட்டுத் தொங்க விடணும். வேலையைச் செஞ்சவர் கடைசி வரைக்கும் கேட்டுட்டு 'போதும்'னு சொன்னப்புறம்தான் தூக்கிப் போடணும். எந்தத் துண்டு எப்ப திரும்ப வேணும்னு யாருக்குத் தெரியும்?

என் தங்கச்சி பாடுவா. அவ பாடினா வாசல்ல போறவன் நிப்பான். எனக்கும் பாட வரும். ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அது போகட்டும்.

இல்லை, போகட்டும்னு சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். உங்ககிட்ட எதுக்கு ஒளிக்கணும். வயிறு எரிஞ்சுது எனக்கு.

வயர்காரருக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுது. "எனக்கு மூச்சு வாங்கற மனுஷக் குரல் வேண்டாம்"னார். "இந்த மெஷின் மாதிரி நிக்காம பாடணும். மூச்சு எங்க இருக்குன்னே தெரியக் கூடாது." மனுஷி எப்படி முப்பத்தெட்டு நிமிஷம் மூச்சு விடாம பாடுவா? நான்தான் சொன்னேன், வழி இருக்குன்னு. அவ பாட்டுக்குப் பாடட்டும், மூச்சையெல்லாம் நான் வெட்டி எடுத்துடறேன்னு.

அவளுக்கு மூச்சு இழுக்கும்போது முன்பல் இடுக்கு வழியா மெல்லிசா ஒரு விசில் வரும். சின்ன வயசுலயே அது எனக்குப் பிடிக்காது. ஒரே பாயில படுப்போம், காது பக்கத்துல 'சுய்ய்'னு. அந்த விசிலைத்தான் ஒவ்வொண்ணா வெட்டினேன். நானூத்திப் பன்னண்டு தடவை. வெட்டும்போது சந்தோஷமா இருந்துச்சு தம்பி. வாய் விட்டுச் சொல்றது இதுதான் முதல் தடவை.

முதல் அம்பது துண்டு சுவத்துல ஏறினப்ப, அவ படி ஏறும்போது நின்னு நின்னு வந்தா. இருநூறு ஆனப்ப குழந்தையைத் தூக்கிட்டு நாலு அடிக்கு மேல நடக்க முடியலை. குட்டிக்கு அப்ப பதினோரு மாசம். டாக்டர் நெஞ்சுல குழாயை வெச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமே இல்லைன்னுட்டார். அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சுன்னு நினைக்கிறேன். ஒரு நாள் இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு நின்னா. "அக்கா, என் மூச்சையெல்லாம் துணி காயப் போட்ட மாதிரி போட்டிருக்கியே"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

கடைசி ஒட்டு ஒட்டினோம். வயர்காரர் முதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டார். அப்படி ஒரு குரலை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. நிக்கவே நிக்காது. கேக்கறவனுக்கு நெஞ்சு அடைக்கும். "போதும்"னார்.

நான் உடனே எழுந்து துண்டையெல்லாம் வாரித் தகர டின்ல போட்டேன். அவ குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு கதவுகிட்ட வந்து நின்னா.

"எரிக்காதே அக்கா. எனக்குக் குடு."

"மூச்சை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற? ஊறுகாயா போடப் போற?"

"எனக்குக் குடு அக்கா."

கெஞ்சினா. அவ என்கிட்ட கெஞ்சினது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அவ பார்க்கப் பார்க்கத்தான் தீக்குச்சியைக் கிழிச்சேன்.

டேப் குபுக்குன்னு பிடிக்கும். பிளாஸ்டிக் கருகற நாத்தம், கண்ணெல்லாம் எரிஞ்சுது. அவ உள் ரூமுக்குப் போனா. டின்ல கடைசிச் சுருள் சுருண்டு அடங்கினப்ப, உள்ளே குழந்தை வீல்னு கத்துச்சு. ஓடிப் போய்ப் பார்த்தேன்.

வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தா.

உயிர் இல்லை.

டாக்டர் இதயம்னு எழுதினார். வயர்காரர் அதுக்கப்புறம் ஒரு சத்தம்கூடப் பதியலை. பிள்ளையை என் கையில குடுத்துட்டு இங்கேயே அடைஞ்சு கிடந்தார். நான் வளர்த்தேன், குறை வைக்கலை. இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். ஆனா ஒண்ணு மட்டும் பண்ணினேன். 'வெற்றிடம்' ரெக்கார்டு வீட்டுல இருந்ததையெல்லாம் உடைச்சுப் போட்டேன். அம்மா குரல் எப்படி இருக்கும்னு அவ கேட்டப்பல்லாம், எதுவும் மிச்சமில்லைன்னு வாய் கூசாம சொன்னேன்.

போன மாசம் வயர்காரர் போய்ச் சேர்ந்தார். சாவி அவ கைக்கு வந்துச்சு.

என்ன தம்பி, மணி பார்க்கறீங்க? ஏழு நிமிஷம்தான் ஆகுது. உக்காருங்க. இல்லை இல்லை, அவ ஒண்ணும் சொல்லலை. தூக்கத்துல ஏதோ உளர்றா. கொஞ்ச நேரம் பேசாம இரு குட்டி, தம்பிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்தோம். என் முட்டிக்கு மூணு மாடி. ஒவ்வொரு படிக்கும் திட்டிக்கிட்டே ஏறினேன். அவ சிரிச்சுக்கிட்டே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா. அவ சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா, பல் இடுக்குல விசில் வரும். அம்மாவுடையதே அப்படியே. ஆனா அவகிட்டருந்து வந்தா எனக்குக் கோபம் வரலை. அதான் ஆச்சரியம்.

கதவைத் திறந்தா தூசி நாத்தம், சூடாகிப் போன பழைய வயர் நாத்தம். சுவத்துல ஆணி மட்டும் இருந்துச்சு, ஒரு துண்டும் இல்லை. அலமாரியில ஒரே ஒரு அட்டைப் பெட்டி. மேலே வயர்காரர் கையெழுத்து, 'வெற்றிடம், மூலப் பிரதி'.

"பெரியம்மா, இது என்ன? மிச்சமே இல்லைன்னீங்க?"

திருடி மாதிரி முழிச்சேன்.

"ஒரே ஒரு தடவை போடுங்க பெரியம்மா. ஒரு பாட்டு. எனக்கு அவங்க முகமும் ஞாபகம் இல்லை, குரலும் ஞாபகம் இல்லை."

அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படி முடியாதுன்னு சொல்றது. மெஷினைத் துடைச்சேன். டேப் உரசிப் போற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். டேப்பை மாட்டினேன். முப்பது வருஷத்து ஒட்டெல்லாம் உலர்ந்து கிடக்குது, எங்க எப்ப பிரியும்னு தெரியாது. அதனால பிளேடும் ஒட்டு டேப்பும் பக்கத்துலயே எடுத்து வெச்சுக்கிட்டேன். நல்லதுக்குத்தான் வெச்சேன்.

முதல்ல சிந்தசைசர். தரைக்கடியில இருந்து வர்ற மாதிரி ஒரு முழக்கம். கண்ணாடி ஜன்னல் கிர்ருன்னுச்சு. அப்புறம் என் தங்கச்சி குரல். குட்டி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணுல தண்ணி. 

முதல் ஒட்டு ஹெட்டைத் தாண்டிச்சு.

ஒரு மூச்சு கேட்டுச்சு.

"அம்மா மூச்சு விடறாங்க பெரியம்மா!"ன்னா. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

 தம்பி, பழைய டேப்புல பேய் மாதிரி முன்கூட்டியே ஒரு குரல் கேக்கும், அது சகஜம். சுருட்டி வெச்ச டேப்புல ஒரு அடுக்குல இருக்கிறது அடுத்த அடுக்குல லேசாப் படியும். நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். ஆனா அதுல இருக்கிறதுதான் படியும். இல்லாதது எப்படிப் படியும்? அந்த மூச்சு இந்த டேப்புல இல்லை. அதை என் கையால வெட்டி, என் கையால எரிச்சேன்.

ரெண்டாவது ஒட்டு. மறுபடி மூச்சு. மூணாவது. நாலாவது. ஒவ்வொண்ணுலயும் அந்த விசில்.

குட்டி ஏதோ சொல்ல வந்தா. "பெரியம்..."

பாதியில நின்னுட்டா. வாய் திறந்தபடியே இருந்துச்சு. டேப்புல அடுத்த மூச்சு வந்தப்புறம்தான் "...மா"ன்னா.

அவ நெஞ்சைப் பார்த்தேன். டேப்புல மூச்சு வரும்போது நெஞ்சு ஏறுது. அது போனதும் அப்படியே நிக்குது. அடுத்தது வரும்போது ஏறுது.

பயந்து போய் மெஷினை நிறுத்தினேன்.

அவ நெஞ்சும் நின்னுச்சு.

கழுத்தைப் பிடிச்சுக்கிட்டா. உதடு நீலமாச்சு. என்னையே பார்க்கறா. காத்து இல்லாத ரூம்ல மாட்டிக்கிட்ட மாதிரி வாய் திறந்து திறந்து மூடுது, உள்ளே ஒண்ணும் போகலை. முதுகைத் தட்டினேன், நெஞ்சைத் தேய்ச்சேன், "ஐயோ குட்டி"ன்னு கத்தினேன். அப்பதான் புத்தி வந்து பட்டனை அமுக்கினேன். டேப் நகர்ந்துச்சு. மூச்சு கேட்டுச்சு. அவளுக்கும் மூச்சு வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம். ஒட்டு ஒவ்வொண்ணா பிரியுது. டேப் 'படபட'ன்னு அடிச்சுக்கும். குட்டி துடிப்பா. நான் ஒட்டுவேன், ஓட விடுவேன், அவ இழுப்பா. மறுபடி பிரியும். போன்ல பதிஞ்சு போட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல்தான். மூச்சு இந்த டேப்பை விட்டு வெளியே வர மாட்டேங்குது. ஸ்பூல் இளைச்சுக்கிட்டே வருது. மொத்தமே முப்பத்தெட்டு நிமிஷம். அது தீர்ந்தா இவளும் தீர்ந்தா.

கடைசிப் பாட்டு முடிஞ்சு, வெத்து டேப் ஓடணும். அங்கே தங்கச்சி குரல் கேட்டுச்சு. பாட்டு இல்லை. பேச்சு.

"எனக்குக் குடு அக்கா."

அவ அப்படிக் கெஞ்சினப்ப நாங்க எதையுமே பதியலை தம்பி. யார் பதிஞ்சா?

அதுக்குப் பின்னாலயே ஒரு மூச்சு வந்துச்சு. அது ஹெட்டைத் தாண்டினதும் நிறுத்தினேன். அந்த மூச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து அஞ்சடி வெட்டி, வளையமா ஒட்டினேன். பதினோரு செகண்டுல முடிக்கிற கைக்கு அன்னிக்கு முக்கால் நிமிஷம் ஆச்சு. குட்டி நாற்காலியிலிருந்து சரிஞ்சு தரையில கிடந்தா. வளையம் ஓட ஆரம்பிச்சப்புறம் தூக்கி உக்கார வெச்சேன். அப்ப உக்காந்தவதான். ரொட்டியும் தண்ணியும் நானே ஊட்டறேன், ஒரு மூச்சுக்கு ஒரு வாய். தூங்கவும் தூங்கறா. ஒரு மூச்சுக்கு ஒரு சொல் பேசுவா.

நிமிர்ந்து பார்த்தா, சுவத்துல ஒண்ணாம் நம்பர் ஆணியில ஒரு துண்டு தொங்குது. நான் தொங்க விடலை.

டாக்டரை ஏன் கூப்பிடலைன்னு கேக்கறீங்க. கூப்பிடாம இருப்பேனா? போன்ல சார்ஜ் தீர்ந்து போச்சு, சனிக்கிழமை வாட்ச்மேனைத்தான் மேலே கூப்பிட்டேன், தூக்கிட்டுப் போக ஆள் கூட்டிட்டு வாப்பான்னு. நல்ல மனுஷன். ஐயோ பாவம்னு இங்கேயே நின்னுக்கிட்டு, இதே கதையை முழுசாக் கேட்டார். இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் ஆள் கூட்டிட்டு வரேன்னு இறங்கிப் போனார். கேட் வரைக்கும் போகலை. ரெண்டாவது மாடிக்குக் கீழே சத்தம் எட்டாது போலிருக்கு. முட்டி போட்டுத் தவழ்ந்து மேலே வந்தார். மெஷின் சத்தம் கேக்கற படி வரைக்கும் வந்து உக்காந்துட்டார்.

அப்ப சுவத்துல ரெண்டாவது துண்டு தொங்குச்சு.

அட, என்ன எழுந்துட்டீங்க? கை ஏன் நெஞ்சுக்குப் போகுது?

இரு தம்பி. பதறாதே. இனிமே நமக்குள்ள என்ன மரியாதை, நீ வீட்டு மனுஷன் ஆயிட்ட. மூச்சை நீயா இழுக்கப் பார்க்காதே, வராது. மெஷினைக் கேளு. அது இழுக்கும்போது நீயும் இழு. ஹாங். அப்படித்தான். இப்ப விடு. பார்த்தியா, பழகிடும்னு சொன்னேன்ல.

திட்டாதே. ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வரும், அதைப் போய் வீணாக்காதே. அந்த ஃப்யூஸைப் புடுங்கணுமா? தாராளமா புடுங்கு. பிளையர் உன் கையிலதான் இருக்கு.

புடுங்க மாட்ட. தெரியும்.

அவ முனகினாளே, என்ன சொன்னான்னு இப்ப சொல்றேன். "காதை." அடுத்த மூச்சுல "மூடிக்கிட்டு." அதுக்கடுத்து "ஓடுங்க." மூணு தடவை சொன்னா. வளர்ப்பு அப்படி. நல்ல பொண்ணா வளர்த்துட்டேன், என்னை மாதிரி இல்லை. அழாதே குட்டி, மூக்கு அடைச்சுக்கும்.

எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பார்க்கறியா? மூணு நாளா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஒரு மூச்சும் பிசகலை. என்னுது அவளுக்கு வேண்டாமாம். நான் முழிச்சிருந்து இந்த ஒட்டு பிரியாம பார்த்துக்கணும், அதுதான் எனக்கு. டேப்புல பூசியிருக்கிற மண்ணு சுத்தச் சுத்த உதிருது பாரு, பாட்டிலைச் சுத்திப் பழுப்பாப் பொடி. நேத்தைவிட இன்னிக்குச் சத்தம் மெலிஞ்சு போச்சு. ரொம்ப நாள் தாங்காது.

காலையிலருந்து அந்த மூச்சுக்கு முன்னாடி லேசா ஒரு குரல் கேக்குது. உனக்கும் கேக்கும், உன்னிப்பா கேளு. ஒத்தை வளையம்தான், அடுக்கே கிடையாது, ஒண்ணு மேல ஒண்ணு படிய வழியே இல்லை. ஆனாலும் கேக்குது. எனக்குக் குடு அக்கா, எனக்குக் குடு அக்கான்னு. நான் எரிச்சதை எண்ணித் திருப்பிக் கேக்கறா. முழுசாக் குடுத்துட்டா குட்டியை விட்டுடுவான்னு நான் நம்பறேன். சொன்னாளான்னு கேட்டா, சொல்லலை. வேற எதை நம்பச் சொல்ற என்னை? பெத்தவ இல்லையா, விட மாட்டாளா?

ஒருத்தர் ஒருத்தரா மேலே வந்து கதை கேட்டா எப்பப்பா முடியறது. அதோ அந்தப் பெரிய ஸ்பீக்கரைப் பாரு. வயர்காரர் திறந்தவெளிக் கச்சேரிக்குன்னு செஞ்சது. தெரு முனை வரைக்கும் கேக்கும். சனிக்கிழமையிலருந்து தள்ளிப் பார்க்கறேன், ஒரு அங்குலம்கூட நகரலை. நீ வாசல்ல வந்து நின்னதும் உன் முகத்தையா பார்த்தேன்? தோளைத்தான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் ஸ்டாப். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். அப்புறம் ஆபீஸும் விடும். இருபது இருபத்தஞ்சு நிமிஷம் எப்படியும் பஸ்ஸுக்கு நிப்பாங்க.

வேண்டாம்கிறா குட்டி. கேட்டியா? "வேண்டாம்." அவ வேண்டாம்னா நான் விட்டுடுவேனா?

திரும்பிச் சுவத்தைப் பாரு தம்பி. மூணாம் நம்பர் ஆணி. நீ உள்ளே வரும்போது காலியா இருந்துச்சு, நீயே பார்த்த. இப்ப ஒரு துண்டு தொங்குது. ரூம்ல காத்தே இல்லை, ஆனாலும் அது ஆடுது பாரு. அது உன்னுது.

இன்னும் நானூத்தி ஒம்போது ஆணி காலியா இருக்கு. மணி மூணே முக்கால். எழுந்திரு. அந்த ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் தள்ளு.